'தெரியவில்லை' என்று எழுத ஓர் இடம்

அந்தப் பெண் நோயாளியாக என் அறைக்கு முதன்முதலில் வந்தபோது வயது முப்பத்தைந்து. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடம் அடித்துவிட்டுத் தானாகவே நின்றுவிடுகிறது, அதன்பிறகு உடம்பு துவண்டுபோகிறது என்றார். நாடி சீராக இருந்தது. ஈசிஜியில் குறையில்லை. இரத்தச்சோகை இல்லை, தைராய்டும் சரியாகவே இருந்தது. குடும்ப மருத்துவரின் அறையில் இது அன்றாடக் காட்சி. வருகிறவர்கள் பலருக்கு முதல் நாளே நோய்க்குப் பெயர் வைத்துவிட முடியாது. "மறுபடி படபடத்தால் அது நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிடுங்கள், ஈசிஜி எடுத்துப் பார்ப்போம்" என்று சொன்னேன். அன்றைக்கு அதுதான் சரியான மருத்துவம்.

சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினேன். அப்போது நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் 'நோய் நிர்ணயம்' என்ற பெட்டியின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று இருக்கும். அதை நிரப்பாமல் பக்கத்தை மூட முடியாது. பக்கத்தை மூடாமல் அடுத்தவரை அழைக்க முடியாது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். 'படபடப்பு' என்று தட்டினேன். அப்படி ஒரு நோய் பட்டியலில் இல்லை என்றது. அதற்கு நெருக்கமானவை என்று அதுவே காட்டிய சொற்களில் முதலில் நின்றது 'பதற்ற நோய்'. அதைத் தொட்டேன். பக்கம் மூடிக்கொண்டது.

அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. ஓர் இரவு படபடப்பு வந்து அவசரப் பிரிவுக்கு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. பணியில் இருந்தவர் பழைய பதிவைப் பார்த்தார், பதற்ற நோய் என்று இருந்தது, ஆறுதல் சொல்லி அனுப்பினார். இன்னொரு முறை இன்னொருவர் மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். பிறகு அவரே தனக்கு மனத்தில்தான் ஏதோ கோளாறு என்று நம்பத் தொடங்கி, படபடத்தாலும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கடைசியில் ஒருநாள், படபடப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு செவிலியர் ஈசிஜி எடுத்துவிட்டார். நிமிடத்துக்கு 190 துடிப்பு, குறுகலான அலைகள், ஒரே சீர். இதயத்தின் மின்பாதையில் கூடுதலாக ஒரு சுற்று இருந்து, துடிப்பு அதற்குள்ளேயே சுழலும் நோய். எஸ்விடி என்று சுருக்கமாகச் சொல்வோம். தொடைப் பக்கத்து இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தீர்ந்துவிடும். அவருக்கும் தீர்ந்தது.

எஸ்விடியைப் பதற்றத் தாக்கு என்று எண்ணிவிடுவது மருத்துவ இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பேசப்படும் பிழை. பெண்களுக்கு அது கூடுதலாக நேர்கிறது என்பதும் அன்று எனக்குத் தெரியும். அவருக்குப் பதற்ற நோய் என்று நான் ஒருபோதும் முடிவு செய்யவில்லை. ஆனால் பதிவில் என் பெயரும் கையொப்பமும் தேதியும் இருந்தன. படிக்கிறவர்களுக்கு அது என் முடிவுதான். இதை நினைத்து நான் உறங்காத இரவுகள் உண்டு.

மருத்துவம் படித்த காலத்திலேயே எனக்கு நிரல் எழுதும் பழக்கம் இருந்தது. பொழுதுபோக்காக இருந்ததை அதன்பிறகுதான் தொழிலாக எடுத்துக்கொண்டேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் நோயாளிகளைப் பார்க்கிறேன், இரண்டு நாள் நிரல் எழுதுகிறேன். எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைகளுக்கான பதிவேட்டு மென்பொருள் அது. பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது, அடியில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். தொழில்நுட்பத்தில் புதுமை எதுவும் இல்லை. அதற்குள் எந்தப் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் என் ஆண்டுகள் போயின.

நிரல் எழுத ஆட்கள் இருக்கிறார்களே, மருத்துவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறார்கள். குடும்ப மருத்துவர்கள் இந்த வேலையைச் செய்வது புதிதே அல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிராமங்களில் மருத்துவம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், கணினி இல்லாத 1930களிலேயே எந்த ஊரில் யாருக்கு எந்த நாளில் என்ன தொற்று வந்தது என்று தாள் தாளாக அட்டவணை போட்டுவந்தார். தொற்று மஞ்சள் காமாலை உடலுக்குள் புகுந்து வெளிப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது என்று அந்தத் தாள்களைக் கொண்டே காட்டினார். லஃபரோ ஊரின் குடும்ப மருத்துவர் ஜேம்ஸ் ரீட் நோய்களையும் அறிகுறிகளையும் கணினியில் பதிய 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய குறியீடுகளை 1990இல் பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கியது. இன்று உலகம் பயன்படுத்தும் ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவக் குறியீட்டுத் தொகுப்பு, 2002இல் அந்த வழிவந்த தொகுப்பும் ஓர் அமெரிக்கத் தொகுப்பும் இணைந்து உருவானது. எக்டன் என்ற சிற்றூரில் பீட்டர் சோவர்பி, டேவிட் ஸ்டேபிள்ஸ் என்ற இரு குடும்ப மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைக்காக எழுதியதுதான் பின்னாளில் இமிஸ் என்று இங்கிலாந்து முழுவதும் பரவிய மென்பொருள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவர் டேவிட் சான் தொடங்கிய ஆஸ்கர் என்ற பதிவேட்டு மென்பொருள், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி மூல நிரலோடு வெளிவந்தது. இவர்கள் எல்லாரும் ஒரே நோயாளியை இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிறவர்கள். பதிவேடு அவர்களுக்கு நினைவாற்றலின் இன்னொரு பாதி. அது தவறாக நினைவு வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வரிசையில் நான் மிகவும் கடன்பட்டிருப்பவர் லாரன்ஸ் வீட். அவர் குடும்ப மருத்துவர் அல்லர், அமெரிக்கப் பொதுமருத்துவர். 1968இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், நோயாளியின் பதிவேடு அவருடைய பிரச்சினைகளின் பட்டியலாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் வற்புறுத்திய ஒரு விதியை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு தெரியுமோ அந்த அளவில் மட்டுமே பிரச்சினையை எழுத வேண்டும். மூச்சுத்திணறல் என்று மட்டும் தெரிந்தால் மூச்சுத்திணறல் என்றே எழுது. காரணம் தெளிவாகும் நாளில் பெயரை மாற்று. ஊகத்தை நோயின் பெயராக எழுதாதே.

குடும்ப மருத்துவர்களின் உலக அமைப்பான வோன்கா 1987இல் வெளியிட்ட ஐசிபிசி என்ற வகைப்பாடு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஓர் எழுத்து, இரண்டு எண்கள், அவ்வளவுதான். எழுத்து உடலின் எந்தப் பகுதி என்று சொல்லும். 1 முதல் 29 வரையிலான எண்கள் அறிகுறிகளுக்கு. 70 முதல் 99 வரை நோய்களுக்கு. நோயாளி எதற்காக வந்தார் என்பதையும் மருத்துவர் என்ன கண்டார் என்பதையும் அதில் தனித்தனியே பதியலாம். படபடப்புக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது: கே04. பதற்ற நோய் பி74. திடீர் வேகத் துடிப்பு கே79. அன்று என் திரையில் கே04 இருந்திருந்தால், நான்கு ஆண்டு கழித்து அதை கே79 என்று மாற்றியிருப்போம். இடையில் அவரைப் பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் 'படபடப்பு, காரணம் இன்னும் தெரியவில்லை' என்று படித்திருப்பார். அப்படிப் படிக்கிறவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

ஆகவே என் மென்பொருளில் முதலில் தூக்கி எறிந்தது அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை.

ஆனால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதை நானே ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். முதல் பதிப்பில் 'மருந்து ஒவ்வாமை' என்று ஒரு சதுரம் வைத்திருந்தேன். இருந்தால் டிக் போட வேண்டும். டிக் இல்லையென்றால் திரையின் மேலே 'ஒவ்வாமை இல்லை' என்று பச்சை நிறத்தில் வரும். அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் என் சக மருத்துவர் ஓர் இளைஞருக்குப் பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் எழுதினார். அவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "இதுதானே போன தடவை எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சுமுட்டிய மருந்து?" என்று கேட்டார். அவர் கேட்டதால் தப்பினார். பதிவைத் தோண்டிப் பார்த்தோம். அவரிடம் ஒவ்வாமை பற்றி யாரும் எப்போதும் கேட்டிருக்கவில்லை. கேட்காததை என் நிரல் 'இல்லை' என்று பச்சையில் எழுதிக் காட்டியிருக்கிறது.

அன்று மாலையே அந்த இடத்தைத் திருத்தி எழுதினேன். தரவுத்தளத்தில் வெறுமை என்று ஒரு மதிப்பு உண்டு. அது ஆம் என்பதும் ஆகாது, இல்லை என்பதும் ஆகாது. நிரல் எழுதக் கற்றுக்கொள்கிற எவருக்கும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித்தருவார்கள். எனக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் திரையில் ஒரு சதுரத்தை வைத்த மாத்திரத்தில் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது. இப்போது அந்த இடத்தில் நான்கு விடைகள் இருக்கின்றன: 'இன்னும் கேட்கவில்லை'; 'கேட்டோம், இல்லை'; 'கேட்டோம், இருக்கிறது'; 'கேட்டோம், அவருக்கே தெரியவில்லை'. 'இருக்கிறது' என்றால் என்ன நடந்தது, எத்தனை வயதில் நடந்தது என்று கேட்கும்.

அந்தக் கூடுதல் கேள்விக்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவில் இருக்கும் நாடுகள் உள்ளன. அவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அந்த மருந்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைப் பருவத்தில் ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலின்போது தோலில் தடிப்பு வந்திருக்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த மருந்தின்மீது பழி விழுந்திருக்கும். பிறகு வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கு வேறு மருந்துகள், பெரும்பாலும் இன்னும் அகலமாகத் தாக்கும் மருந்துகள். பதிவேட்டில் ஒரு சொல்லைச் சேர்ப்பது எளிது. அதை நீக்குவதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

பிறந்த தேதியில் எந்தச் சிக்கலும் வராது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் செவிலியர் ஒரு பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "டாக்டர், இந்தக் குழந்தை நேற்றுத்தானே பிறந்தது? திரையில் முந்தாநாள் என்று காட்டுகிறதே" என்றார். பிறந்த தேதியை நான் நேரத்தோடு சேர்த்து, நள்ளிரவு பூச்சியம் மணி என்று சேமித்திருந்தேன். ஒரு கணினி உள்ளூர் நேரத்தைப் படித்தது, இன்னொன்று உலகப் பொதுநேரத்தைப் படித்தது. சில மணி நேரம் பின்னால் போனதும் தேதியே ஒருநாள் நழுவிவிட்டது. எழுபது வயதுக்காரருக்கு இது பொருட்டில்லை. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை வேண்டுமா என்பதை மணிக்கணக்கில் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பிறந்து 24 மணி நேரத்தில் அபாயம் என்று சொல்ல வேண்டிய பிலிருபின் (காமாலையில் மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள்) அளவு, 72 மணி நேரத்தில் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றாகலாம். ஒருநாள் நழுவினால், சிகிச்சை வேண்டிய குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். 2000ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் இப்படித்தான், ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்த ஒரு பழைய நிரல் தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டு, 150க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு டவுன் நோய்க்கூறு சோதனையின் முடிவைத் தவறாகச் சொன்னது. இப்போது என் நிரலில் தேதி தேதியாகவே இருக்கிறது. பிறந்த நேரம் தெரிந்தால் மட்டும் அது தனியாக. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்த முதியவர்களுக்கு ஆண்டை மட்டும் எழுதினால் போதும். அதற்கு முன்பு அவர்கள் எல்லாரும் ஜனவரி 1 அன்று பிறந்தவர்களாக இருந்தார்கள்.

எதையுமே கட்டாயப்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து. மூட்டு வாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். நாள்தோறும் சாப்பிட்டால் எலும்பு மச்சை படுத்துவிடும், வாயும் குடலும் புண்ணாகும், உயிர்கூடப் போகும். பல நாடுகளில் இந்தப் பிழையால் மக்கள் இறந்திருக்கிறார்கள். மருந்து எழுதும் திரைகள் சில 'தினமும்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும்; அவசரத்தில் இருப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். என் நிரலில் இந்த மருந்துக்கு 'தினமும்' என்ற விடையே கிடையாது. திங்களா, வெள்ளியா, எந்தக் கிழமை என்று சொல்லாமல் சீட்டு அச்சாகாது. அங்கே நான் விடாப்பிடியாக நிற்கிறேன். கிழமை மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய ஒன்று, அவரால் முடியும். நோயின் பெயர் அவர் முடிவு செய்ய முடியாத ஒன்றாக அன்றைக்கு இருக்கலாம். நிரல் எழுத உட்காரும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்த அறையில், இந்த நிமிடத்தில், அவரால் இதற்கு உண்மையான விடை சொல்ல முடியுமா?

எச்சரிக்கைப் பலகைகளையும் அப்படித்தான் குறைத்தேன். மருந்து எழுதும் மென்பொருள்களில் வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்கள் புறக்கணித்துவிடுகிறார்கள் என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதைப் படித்துவிட்டு ஒருநாள் சக மருத்துவரின் பின்னால் நின்று பார்த்தேன். சதுரம் மேலே எழும்புவதற்கு முன்பே அவருடைய விரல் அதை மூடும் விசைக்குப் போய்விட்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. மதியத்துக்குள் அவர் அப்படி எத்தனையோ சதுரங்களை மூடியாக வேண்டும். உண்மையாகவே மருத்துவரைத் தடுத்து நிறுத்த வேண்டிய சில மருந்துச் சேர்க்கைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பக்கவாட்டில் சாம்பல் நிறக் குறிப்புகளாக ஒதுக்கினேன். இதற்காகத் தணிக்கைக்கு வந்தவரோடு நீண்ட வாக்குவாதம் நடந்தது. எச்சரிக்கையை நிறுத்தியதால் பிழை வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்தான் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

பொறுப்பு என்று சொல்லும்போது அச்சமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மருத்துவராகத் தவறு செய்தால் ஒருவரைப் பாதிக்கிறேன். நிரலில் தவறு செய்தால் அதே தவறு பல அறைகளில் ஒரே நாளில் நடக்கும். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். பழகிய பணியாளர் வேகமாகத் தட்டித் திருத்தும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு நிரல் பிழையும் காரணங்களில் ஒன்று. மெதுவாகச் சோதித்தவர்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. இந்த வரலாற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் படிக்கிறேன். நான் எழுதியதை நான் சோதிப்பதில்லை. செவிலியர்களும் வரவேற்பு மேசையில் இருப்பவரும் வேலை நெருக்கடியில் எப்படித் தட்டுவார்களோ அப்படித் தட்டிச் சோதிக்கிறார்கள். நல்ல பிழைகள் எல்லாம் அவர்கள் பிடித்தவைதான்.

இதற்கெல்லாம் நடுவில் நோயாளியின் முகத்தைப் பார்க்கவும் வேண்டும். 2017இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 11.4 மணி நேர வேலைநாளில் 5.9 மணி நேரம் மின்பதிவேட்டிலேயே கழிகிறது என்று கண்டார்கள். என் அறையில் திரையைச் சுழலும் தாங்கியில் வைத்து, நோயாளியும் நானும் சேர்ந்தே பார்க்கும்படி திருப்பிவிட்டேன். எழுதுவதை அவர்கள் படிக்கிறார்கள். பல நேரம் திருத்துகிறார்கள். "இடது முழங்கால் இல்லை டாக்டர், வலது." ஒரு முதியவர், தான் புகைபிடிப்பதை விட்டுப் பதினோரு ஆண்டாகிறது, இன்னும் ஏன் புகைப்பவர் என்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

சென்ற மாதம் அந்தப் பெண் வந்தார். சளிக் காய்ச்சல், வேறொன்றும் இல்லை. பழைய மென்பொருளின் பதிவுகளை எல்லாம் என் மென்பொருளுக்கு மாற்றியிருந்ததால் அந்தச் சொல்லும் கூடவே வந்திருந்தது. பட்டியலின் நான்காம் வரியில் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இதை அழித்துவிட முடியாதா டாக்டர்?"

முடியாது என்றேன். மருத்துவப் பதிவில் எழுதியதை அழிக்கக் கூடாது. யார் எதை நம்பி என்ன செய்தார்கள் என்பது பின்னால் தெரிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்க ஓர் இடம் வைத்திருந்தேன். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் தரத்தில் அந்த நிலைகள் முறையாகவே இருக்கின்றன: ஐயம், தற்காலிகம், உறுதி, இல்லையென உறுதி, தவறாகப் பதிந்தது முதலியன. இந்த நிலையோடு அனுப்பினால் அதைப் பெறும் மருத்துவமனையின் திரையிலும் அப்படியே தெரிய வேண்டும்.

பதற்ற நோய் என்ற வரியைத் திறந்தேன். 'தவறாகப் பதிந்தது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கேட்டது. 'அன்றைக்குக் காரணம் தெரியவில்லை. நிரப்ப வேண்டும் என்பதற்காக நான் நிரப்பியது. பின்னால் கே79 என்று உறுதியானது' என்று எழுதி, என் பெயரையும் அன்றைய தேதியையும் இட்டேன். வரியின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரையில் இருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு அதை அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.